சுவீடன் பாட்டில் கேட்ட ‘சேர்’

மகளைக் கட்டிக்கொடுத்து சுவீடனுக்கு அனுப்பிய பிறகு, ஏழெட்டு மாதம் நான் பெருமாளிடம் ஒரே ஒரு விண்ணப்பம்தான் வைத்துக்கொண்டிருந்தேன். ரெண்டு பேரும் மனசு ஒத்து இருக்கணும். அவ்வளவுதான்.

ஜாதகம் பார்த்துச் செய்த கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை. அதிகம் பேசாத பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைதோறும் சாயங்காலம் மகள் வீடியோவில் கூப்பிடுவாள். அவள் முகம் மட்டும்தான் தெரியும்.

“மாப்ள எங்கடி?” என்று கேட்டால், “உள்ள கீறாரும்மா” என்பாள். போன வாரமும் உள்ளே, இந்த வாரமும் உள்ளே. சொல்லிவிட்டுக் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள்.

“சண்டையாடி?”

“ஒண்ணுமில்லம்மா. வச்சிடட்டா?”

அந்த ‘வச்சிடட்டா’வையே ராத்திரியெல்லாம் நினைத்துக்கொண்டு கிடப்பேன். வீட்டுக்காரரிடம் சொன்னால், “நீயா ஒண்ண நெனச்சிக்கினு பேஜார் பண்ணாத” என்று கழனிக்குக் கிளம்பிவிடுவார். ஆனால் ஞாயிறு சாயங்காலம் போன் வரும் நேரத்துக்கு மட்டும் சரியாக வீட்டில் இருப்பார்.

நான் எட்டாவது வரை படித்தவள். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். சனிக்கிழமை சனிக்கிழமை திருமுக்கூடல் பெருமாளுக்குத் துளசி மாலை சாத்துவதாக வேண்டிக்கொண்டேன். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். மூன்று ஆற்றைச் சேர்த்து வைத்திருக்கிறவனுக்கு ரெண்டு மனசு ஒரு பாரமா என்று ஒரு நம்பிக்கை.

வெயில் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அவள் கூப்பிடும் நேரமே இல்லை. என்னவோ ஏதோ என்று ஈரக்கையோடு எடுத்தேன். மகள் கன்னத்தில் நீலமும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாக அப்பிக் கிடந்தது.

“ஐயோ, மூஞ்சில இன்னாடி?”

“பெயிண்ட்டும்மா! இந்த ஊரு கொடி கலரு. நேத்து பூசனது, இன்னும் போவல. நாங்க ஜெயிச்சிட்டோம்!” குரல் கட்டிப்போயிருந்தது.

விஷயம் என்னவென்றால், அங்கே சுத்துப்பட்டு நாடுகளெல்லாம் சேர்ந்து, நாட்டுக்கு ஒரு பாட்டு என்று டி.வி.யில் பெரிய போட்டி நடக்குமாம். ஒரு நாட்டுப் பாட்டுக்கு மற்ற நாட்டு ஜனங்கள் ஓட்டுப் போடுவார்களாம். இந்தத் தடவை சுவீடன் பாட்டு முதலாவதாக வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கூப்பிட்டு, ரெண்டு பேரும் போய்க் கத்தித் தீர்த்திருக்கிறார்கள்.

“போயி ஒரு வருசம் ஆவல, அதுக்குள்ள ‘நாங்க’ளா?” என்று இவர் பின்னாலிருந்து எட்டிப்பார்த்தார்.

“வேற யாரு நைனா? நாங்கதான்!”

அப்போதுதான் மாப்பிள்ளை முகம் திரைக்குள் வந்தது. அதிலும் பெயிண்ட். மகள் பாட ஆரம்பித்தாள். வாயே திறக்காத அந்தப் பிள்ளையும், சுருதி ஒரு பக்கம் தாளம் ஒரு பக்கமாக, கூடவே பாடினார். ‘சேர், சேர்’ என்று திரும்பத் திரும்ப வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

“இன்னாடி இது, தமிழ்லயே சேர் சேர்ன்றாங்க? சாமி பாட்டா?”

ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“அது அவங்க பாஷைம்மா. அர்த்தம் வந்து... நீ சொல்லேன்” என்று மாப்பிள்ளையை இடித்தாள்.

“நீயே சொல்லு.”

“அட, நீ சொல்லுடா!”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். இவர் தொண்டையைச் செருமினார். எங்கள் வீட்டில் புருஷன் பெயரைக்கூடச் சொல்ல மாட்டோம். ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ‘டா’ என் வயிற்றில் பாலை வார்த்தது. ஒட்டாத இடத்தில் அப்படி ஒரு ‘டா’ வராது.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, “லவ்வுல இருக்கறதுன்னு அர்த்தம் அத்தை” என்றார்.

“அப்ப உங்க அத்தை ஒண்ணும் தப்பா கேக்கல. சேருன்னா சேருதான்” என்றார் இவர்.

எனக்குத் தைரியம் வந்துவிட்டது. “இத்தினி மாசமா மாப்ள மூஞ்சிய ஏண்டி காட்டல?”

மகள் தயங்கினாள். “நான் உன்கூடப் பேசற நேரத்துல அவருதாம்மா பாத்திரம் கழுவுவாரு. நீ பாத்தா மாப்ளய வேலை வாங்கறேன்னு திட்டுவ. அதான் உள்ள கீறாருன்னு சொன்னேன்.”

“குக்கர் அடிபிடிச்சாதான் கஷ்டம், மாமா” என்றார் மாப்பிள்ளை. இவர் போன் பக்கம் குனிந்து, “நல்லா ஊற வையுங்க” என்றார், ஏதோ தினமும் தேய்க்கிறவர் மாதிரி.

அன்றைக்குச் சோறு குழைந்துபோனது. இவர் அதையே இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த சனிக்கிழமை மாலையோடு சந்நிதியில் நின்றேன். கையைக் கூப்பினால் கேட்க ஒன்றுமே வரவில்லை. பாத்திரம் தேய்க்கிற பிள்ளைக்காகவா இத்தனை மாதம் உன்னைத் தொந்தரவு பண்ணினேன், மன்னிச்சுக்கோ அப்பா என்று விழுந்து கும்பிட்டு வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். “மாப்ள எங்கடி?” என்றேன், பழக்கத்தில்.

“உள்ள கீறாரும்மா.”

உள்ளேயிருந்து பாத்திரம் உருளும் சத்தம். அதற்கு மேலே, சுருதி சேராமல் ஒரு ‘சேர்’.

“சரிடி, நீ போயி அதையெல்லாம் தொடச்சி வையி” என்று நானே போனை வைத்தேன்.