பச்சைக் கதவுக்கு வந்த மூட்டை

எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பிள்ளைகளுக்கு லீவு லெட்டரும், கல்யாண வீட்டுக் கவர் மேல் பெயரும்தான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் பேசச் சொன்னாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் போன பொங்கலுக்கு என் வீட்டு வாசலில் நடந்த ஒரு சின்ன விஷயம் பழைய ஒன்றைக் கிளறிவிட்டது. பேசுவதைவிட எழுதுவதில் எனக்குக் கூச்சம் கொஞ்சம் குறைவு. அதனால் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கோயம்புத்தூரில் இருக்கும் என் தம்பி இந்தத் தடவை பொங்கல்படியைப் போனிலேயே வாங்கி அனுப்பிவிட்டான். எங்கள் பக்கத்தில், கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பொங்கலுக்கு முன்னால் பிறந்த வீட்டிலிருந்து அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் குலை, கிழங்கு எல்லாம் வர வேண்டும். அதுதான் படி. பாளையங்கோட்டையில் என் வீட்டு வாசலில் ஒரு பையன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பைகளைப் படியில் வைத்தான். “நாலு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கக்கா” என்றான். சொன்னேன். பைகளைப் போட்டோ எடுத்தான். எல்லாம் முடிந்து வண்டியைக் கிளப்பும்போதுதான், “இது உங்க வீட்டுக்குத்தானேக்கா?” என்று ஒரு சந்தேகம் கேட்டான். நான் சிரித்துவிட்டேன். அவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

நாங்கள் அப்போது கல்லிடைக்குறிச்சியில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயதிருக்கும். அப்பாவுக்கு ரைஸ் மில்லில் வேலை. அம்மா வீட்டில் அப்பளம் இடுவாள். மாதம் பிறந்ததும் கடைத்தெரு அண்ணாச்சி கடையிலிருந்து எங்கள் தெருவுக்குப் பலசரக்கு ஏற்றிய மூன்று சக்கர சைக்கிள் வண்டி வரும். வண்டிக்காரர் வயதானவர். மற்ற வீடுகளுக்கெல்லாம் பொட்டலங்களை வாசலில் வைத்து ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். எங்கள் வீட்டை மட்டும் கடைசியாக வைத்துக்கொள்வார். “இந்த வீட்டை முடிச்சாத்தான் எனக்குச் சோறு இறங்கும்” என்பார்.

காரணம் அம்மா. வண்டி வந்து நின்றதும் அவள் நிலைப்படியில் ஒரு காலை வைத்து மறித்துக்கொண்டு நிற்பாள்.

“எந்த வீட்டுக்கு?” என்று கேட்பாள்.

அம்மா கல்யாணமாகி வந்த நாள் முதலாக அந்த வீட்டுக்குச் சாமான் கொண்டுவருகிற மனிதர் அவர். ஆனாலும் “மில்லுக்காரர் வீட்டுக்குத் தாயி” என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் அந்தக் கால் நகரும். முதலில் உப்பும் மஞ்சளும் உள்ளே போக வேண்டும். பிறகு ஒவ்வொரு பொட்டலமாக நூலை அவிழ்ப்பாள். துவரம் பருப்பில் ஒன்றைக் கடித்துப் பார்ப்பாள். மல்லியை உள்ளங்கையில் தேய்த்து முகர்வாள். புளியை அமுக்கிக் கொட்டை தட்டுப்படுகிறதா என்று பார்ப்பாள். நல்லெண்ணெயைப் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்ப்பாள். பிடிக்காதது எதுவோ அது அப்படியே வண்டிக்குத் திரும்பிப் போகும். வண்டிக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்து வீட்டுப் பெண்கள் தங்கள் பருப்பைப் பிரிக்காமல், எங்கள் வீட்டுப் பருப்பு தேறியதா என்று எட்டிப் பார்ப்பார்கள்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

அந்த வருஷம் எங்களுக்குப் பொங்கல்படி வந்து இரண்டு பொங்கல் ஆகியிருந்தது. அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர் ஒரே ஒரு அண்ணன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அம்பாசமுத்திரத்தில் இருந்தார். மாமா வீட்டுக் காதுகுத்தில் சந்தனக் கிண்ணம் அப்பாவிடம் வருவதற்கு முன்னால் வேறு யாரிடமோ போய்விட்டது என்று அப்பா சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டார். “எங்க வீட்டு எலையில கை நனைக்க மாட்டேன்னு போனவருக்குப் படி எதுக்கு?” என்று மாமா சொன்னதாக யாரோ வந்து சொன்னார்கள். அவ்வளவுதான் சண்டை. நடுவில் இருக்கும் பாலத்தை நடந்தே கடந்துவிடலாம். ஆனால் இங்கிருந்து ஒருவரும் போகவில்லை, அங்கிருந்து ஒருவரும் வரவில்லை.

பொங்கல் நெருங்கினால் தெருவில், “அண்ணன் வீட்டுப் படி வந்துட்டாக்கா?” என்று கேட்பார்கள். கேட்கிறவர்களுக்குப் பதில் தெரியும். அம்மா அப்பளக் கட்டையை இன்னும் கொஞ்சம் வேகமாக உருட்டுவாள்.

பொங்கலுக்கு முந்தின நாள். வீடெல்லாம் வெள்ளையடித்து முடிந்திருந்தது. மில்லில் மிஞ்சிய பச்சைப் பெயிண்டை அப்பா ஒரு டப்பாவில் கொண்டுவந்து அதற்கும் முந்தின நாள்தான் எங்கள் வாசல் கதவுக்கு அடித்திருந்தார். பெயிண்ட் போதாமல் கதவு ஒரு பக்கம் பச்சையாகவும் ஒரு பக்கம் பழைய மரம் தெரிகிற பச்சையாகவும் இருந்தது. காலையில் பலசரக்கு வண்டி வந்தது. எங்கள் மாதச் சாமான் ஏற்கெனவே வந்து, அம்மாவின் பரிசோதனையெல்லாம் முடிந்திருந்தது. வந்தவரும் பழைய வண்டிக்காரர் இல்லை. பண்டிகை நெருக்கடிக்குக் கடையில் சேர்த்த ஒரு புது ஆள். வாய் தைத்த பெரிய கோணி மூட்டை ஒன்றை இறக்கினான்.

“பச்சைக் கதவு வீடு இதானக்கா? அண்ணாச்சி அனுப்பிவிட்டாவ. பொங்கச் சாமான்.”

அம்மா அவனைப் பார்த்தாள். மூட்டையைப் பார்த்தாள். நான் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். அம்மா கேட்கவில்லை. நிலைப்படியிலிருந்து காலை எடுத்துவிட்டு, “பைய கொண்டாந்து அங்கன வையி. பெயிண்டு ஒட்டிராம” என்றாள்.

அவன் போனதும் நானும் தம்பியும் மூட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தோம். உள்ளேயிருந்து வறுத்த காப்பித்தூள் வாசனை வந்தது. எங்கள் வீட்டில் கருப்பட்டிக் காப்பிதான். அதில் சுக்கும் மல்லியும் போடுவார்களே தவிர அந்தத் தூளை நாங்கள் கண்டதில்லை. தம்பி கோணி ஊசித் தையலில் விரலை விட்டான்.

“ஏலே, கைய எடு. யாரும் தொடக் கூடாது. மாமா அனுப்பின பொங்கல்படி அது.”

அம்மா இதைச் சொன்ன சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. பக்கத்து வீட்டு அக்கா உடனே சுவர் மேல் முகம் காட்டினாள். “அப்படியா! அண்ணன் மனசு எளகிட்டா?” அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ரத்தம் எங்கன போவும்?” என்றாள்.

மத்தியானம் அப்பா வந்தார். அம்மா சொன்னதைக் கேட்டார். மூட்டைக்குப் பக்கத்தில் குனிந்து மூக்கை உறிஞ்சினார். ஏதோ சொல்ல வாயெடுத்து அம்மாவைப் பார்த்தார். அம்மா அவருக்கு மோர் ஊற்றுவதிலேயே குறியாக இருந்தாள். அப்பா எழுந்துபோய், தான் பெயிண்ட் அடித்த கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “பரவால்ல. நல்ல பெயிண்டுதான்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

சாப்பாடு முடிந்ததும் அம்மா நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, தான் இட்டதிலேயே மெல்லிசான அப்பளங்களைப் பொறுக்கிக் கட்டி எடுத்துக்கொண்டாள். “படி வந்தா, வந்துட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லாண்டாமா?” என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு பாலத்தில் அவள் நடந்த வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது. கீழே ஆற்றில் மாடு குளிப்பாட்டினார்கள். பாதிப் பாலத்தில் அம்மா நின்று, எனக்குத் தலை வாரியது சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

மாமா வீட்டு வாசலில் அத்தை கோலத்துக்குச் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் வாளியோடு அப்படியே நின்றாள். மாமா உள்ளேயிருந்து வந்தார். யாரும் ‘வா’ என்று சொல்வதற்கு முன்னால் அம்மா பேசிவிட்டாள்.

“அண்ணே, நீ அனுப்பிவிட்டது வந்துட்டு. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை மாமாவைப் பார்த்தாள். எனக்குத் தெரியாமல் நீ அனுப்பினாயா என்று மாமாவின் முகம் கேட்டது. எனக்குத் தெரியாமல் நீங்கள் அனுப்பினீர்களா என்று அத்தையின் முகம் கேட்டது. முதலில் அத்தைதான் சிரித்தாள்.

“பாரேன், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணுமே! வீட்ல உம்முன்னு இருந்துக்கிட்டு, கமுக்கமா அனுப்பியிருக்காவ. உள்ள வா மதினி. ஏட்டி, நீ எம்புட்டு வளந்துட்ட!”

மாமா தொண்டையைச் செருமினார். “வந்துட்டா? ம். சரி, சரி” என்றார்.

“கரும்பு நல்ல கரும்பா இருந்துச்சா?” என்று அத்தை கேட்டாள்.

“கரும்பு வரலியே மதினி. மூட்டை மட்டுந்தான் வந்துச்சு” என்றாள் அம்மா.

அவ்வளவுதான். அத்தை மாமாவைப் பிடித்துக்கொண்டாள். “கரும்பு இல்லாம, மஞ்சக்கொலை இல்லாம, எந்த ஊர்ல பொங்கல்படி அனுப்புதாவ? ஊர் என்னையத்தான சொல்லும், அண்ணன் பொண்டாட்டி தடுத்துட்டான்னு! இதுக்கு அனுப்பாமலே இருந்திருக்கலாம்.” மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டி பூட்டப் போனார்.

திரும்பி வரும்போது மாட்டுவண்டியில் வந்தோம். கரும்புக் கட்டு, மஞ்சள் குலை, சிறுகிழங்கு, பனங்கிழங்கு, ஒரு வாழைத்தார், சொந்த வயல் அரிசி, எல்லாவற்றுக்கும் நடுவில் நான். எங்கள் தெருவில் வண்டி நுழைந்தபோது எத்தனை பேர் வாசலுக்கு வந்தார்கள் என்று எண்ணவில்லை, எல்லாரும் வந்தார்கள். அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். மாமா இறங்கினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் கரும்பை மட்டும் பார்த்தார்கள்.

“நல்ல கரும்பு” என்றார் அப்பா.

“ஆத்துத் தண்ணி பாஞ்சதுல்லா” என்றார் மாமா.

அப்பா உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் சந்தனத்தைக் கரைத்துக்கொண்டு வந்து மாமாவிடம் நீட்டினார். மாமா அதில் விரலைத் தோய்த்தார். பிறகு அந்த விரலால் முதலில் அப்பாவின் கையில் பூசினார்.

அந்த நேரம் பார்த்துப் பழைய வண்டிக்காரர் மூச்சு வாங்க வந்து நின்றார். நான் அம்மாவின் பக்கத்தில் இருந்தேன். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அம்மா மெல்லிய குரலில், “இப்பத்தான் வாறியளா?” என்று கேட்டாள்.

“தாயி, புதுப்பய வீட்டை மாத்திப் போட்டுட்டான். அடுத்த தெரு பேங்க் சார் வீடும் பச்சைக் கதவாம். அவுக வீட்டு மூட்டை இங்கன வந்துருக்கு. அந்தம்மா காலையிலேருந்து காப்பி குடிக்கலன்னு சத்தம் போடுதாவ.”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அனுப்பாத படிக்காக ஆற்றைக் கடந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாளே, மாமா இனி என்ன நினைப்பார் என்று அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். அதைக் கேட்ட மாமா மெதுவாக உள்ளே போனார். மூட்டையின் வாயைப் பார்த்தார். கடையில் போட்ட தையல் போட்டபடியே இருந்தது.

“ஏட்டி, பிரிச்சுக்கூடப் பாக்கலியா நீ?”

“நீ அனுப்பினதை நீ வந்து பிரிக்கணும்னு வச்சிருந்தேன்” என்றாள் அம்மா.

மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வேண்டாம் என்று வண்டிக்காரர் தடுக்கத் தடுக்க, தானே அந்த மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய் அவருடைய சைக்கிள் வண்டியில் வைத்தார். திரும்பி வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. கோணித் தூசி விழுந்துவிட்டது என்றார். அன்றைக்கு ராத்திரி மாமா எங்கள் வீட்டில் சாப்பிட்டார். அப்பா இரண்டு தடவை போய் அவருக்கு அப்பளம் வைத்தார்.

படுக்கும்போது நான் தம்பியிடம், “அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியலலே. யார் வீட்டு மூட்டைன்னு கேக்காம வாங்கிட்டா. நல்ல வேளை, மாமா வையல” என்று ரகசியமாகச் சொன்னேன். தம்பியும் ஆமாம் என்றான். அம்மாவை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது.

அந்தப் பரிதாபம் பல வருஷம் இருந்தது. நான் கல்யாணமாகிப் போன வீட்டில் முதல் தடவை பலசரக்கு வந்து இறங்கியபோதுதான் அது போயிற்று. என் கை தானாகத் துவரம் பருப்பில் ஒன்றை எடுத்துப் பல்லில் வைத்தது. வைத்ததும் அப்படியே நின்றுவிட்டேன். உப்புப் பொட்டலத்துக்குக்கூட ‘எந்த வீட்டுக்கு’ என்று கேட்காமல் காலை நகர்த்தாதவள் என் அம்மா. அன்றைக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை என்று அவளிடம் இதுவரை நான் கேட்டதில்லை. இப்போது அவள் தம்பியோடு கோயம்புத்தூரில் இருக்கிறாள். கேட்டால், “எந்த மூட்டைட்டி?” என்பாள்.

அந்த மூட்டை திரும்பிப் போன மறுநாள் பொங்கல். பானை பொங்கி இறக்கியதும், அப்பா எங்கிருந்தோ இன்னொரு டப்பா பச்சைப் பெயிண்ட் கொண்டுவந்து, அந்தக் கதவுக்கு இன்னொரு தடவை அடித்தார்.