லண்டன் வேனுக்குக் கிடைத்த ஒரு மணி நேரம்

இங்கிலாந்தில் கடிகாரத்தை எந்த நாளில் ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவைக்கிறார்கள் என்று ஆண்டர்சன்பேட்டையில் யாருக்காவது சந்தேகம் வந்தால், எங்கள் எதிர்வீட்டு ஜெயசீலி அக்காவைக் கேட்டால் போதும். அக்டோபர் மாதத்துக் கடைசி ஞாயிறு. அக்கா இங்கிலாந்துக்குப் போனதில்லை. விமானத்தில் ஏறியதுகூட இல்லை. ஆனால் பதினேழு ஆண்டுகளாக அந்த நாட்டின் காலை ஒன்பது மணிக்குத் தன் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார்.

நான்கு ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுப் போன ஆகஸ்டில்தான் நான் திரும்பி வந்தேன். அப்படிப்பட்ட ஞாயிறுகள் மூன்றை ஐரோப்பாவில் கழித்திருக்கிறேன். கூடுதலாகக் கிடைத்த மணியை மூன்று முறையும் தூங்கியே தீர்த்தேன். அதைச் சொன்னபோது அக்கா என்னைப் பார்த்த பார்வை, சுடுசோற்றைக் குப்பையில் கொட்டியவளைப் பார்ப்பதுபோல் இருந்தது.

“தூங்கினியா? அந்த ஒரு மணியிலயா?”

அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயது. அப்பா நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் மரம் முட்டுக்கொடுக்கும் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடியபோது அக்காவுக்குப் பத்தொன்பது. மறுமாதமே விடியற்காலை ரயிலில் ஏறிப் பெங்களூருக்குத் தையல் ஆலைக்குப் போனார். சட்டைக் காலர் மட்டும் ஏழு வருடம் தைத்தார். பிறகு ஒரு நாள் ரயிலில் பக்கத்து இருக்கைப் பெண்ணோடு துணைக்குப் போய், ஆங்கிலத்தில் போன் பேசும் வேலைக்கான நேர்முகத்தில் தானும் உட்கார்ந்தார். அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை, அக்காவுக்குக் கிடைத்தது. மாதாகோவில் பள்ளியில் படித்த ஆங்கிலம், ஞாயிறு ஆராதனையில் கேட்ட ஆங்கிலம், சுரங்கத்து ஆட்கள் வீட்டில் புழங்கிய ஆங்கிலம், எல்லாம் ஒன்றாகக் கைகொடுத்தன.

இங்கிலாந்து வீடுகளில் வெந்நீர் பாய்லர் நின்றுவிட்டால் அக்காவின் மேசைக்குத்தான் போன் வரும். குளிரில் நடுங்கிக்கொண்டு கத்துகிறவர்களை இரண்டு நிமிடத்தில் சாந்தமாக்கிவிடுவார். பதினேழு ஆண்டுகளில் ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை. மழையில் பாலம் மூழ்கிய நாளில் கொஞ்ச தூரம் டிராக்டரில் போய் நேரத்துக்குச் சேர்ந்தவர்.

அவர்கள் ஒன்பது மணி, கோடையில் நமக்குப் பகல் ஒன்றரை. அதற்காகப் பிரதாப் அண்ணன் ஓட்டும் வேன் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து பத்தரைக்குக் கிளம்பும். வேனில் ஏழு பெண்கள். ஊரில் அதற்கு லண்டன் வேன் என்று பெயர். அக்டோபர் கடைசியில் அங்கே கடிகாரத்தைத் தள்ளிவைத்ததும் அவர்கள் ஒன்பது மணி நமக்கு இரண்டரை ஆகிவிடும். வேன் பதினொன்றரைக்குக் கிளம்பினால் போதும். மார்ச் கடைசிவரை தினமும் காலையில் ஒரு மணி நேரம் கையில் நிற்கும்.

“காலையில குடுக்கறத ராத்திரியில புடுங்கிக்கிறானே அக்கா, வீடு சேரறதுக்கு ஒன்றரை ஆவுதே” என்று பிரதாப் அண்ணன் ஒவ்வொரு வருடமும் சொல்வார்.

“ராத்திரி மணி தூங்கற மணி. யாருக்கு வேணும்? காலை மணிதான் மணி” என்று அக்கா ஒவ்வொரு வருடமும் பதில் சொல்வார்.

புருஷன் எட்மண்டுக்கும் பிள்ளைகளுக்கும் சமைத்து, அனுப்பி, துவைத்து, வேனைப் பிடிப்பதற்குள் மற்ற மாதங்களில் தலை வாரக்கூட நேரம் இருக்காது. அதனால் அந்த மணியில் வீட்டுவேலை எதையும் செய்யக் கூடாது என்பது வேனில் சட்டம். மாவு அரைத்தேன் என்று யாராவது சொல்லிவிட்டால் அன்று முழுவதும் கேலிதான். பத்தேகாலுக்கு ஏழு பேரும் நந்திதுர்க் பக்கத்து மைதானத்தில் இருக்க வேண்டும். த்ரோபால் ஆடுவார்கள்.

எதிரணி, அமெரிக்கா வேன். அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்யும் பெண்கள். மாலையில் போய் விடியலில் திரும்புவதால் வருடம் முழுவதும் காலையில் பயிற்சி செய்வார்கள். நான்கு வருடமாக லண்டன் வேன் அவர்களிடம் ஒரு செட்கூட எடுத்ததில்லை. அவர்களுக்குத் தலைவி பியூலா, எட்மண்டின் தங்கை, அதாவது ஜெயசீலி அக்காவுக்கு நாத்தனார்.

இந்த வருடம் எங்கள் வேனின் கரோலினுக்குப் பிரசவ விடுப்பு. ஏழாவது ஆளாக என்னை நிறுத்தினார்கள். “உலகமெல்லாம் சுத்தின கால், நம்ம கிரவுண்டயும் சுத்தட்டும்” என்றார் அக்கா.

கடிகாரம் மாறுவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், அக்கா தன் வீட்டு முற்றத்தில் எனக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் ராதிகா போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். வேனிலேயே சின்னவள். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். இன்னும் ஒரு மாதத்தில் நிரந்தரம் ஆக வேண்டும்.

“அக்கா, ரோஸ்டர் வந்துகீது. திங்கக்கெழமையிலேந்து பன்னெண்டரைன்னு போட்டுகிறாங்க.”

“இரண்டரைடி. கண்ணாடி போட்டுகினு பாரு.”

“பன்னெண்டரைதாங்க்கா. நீங்களே பாருங்க.”

அக்கா பார்த்தார். பன்னிரண்டரைதான். அதற்கு வேன் ஒன்பதரைக்கே கிளம்ப வேண்டும். கிடைக்க வேண்டிய ஒரு மணி போவதோடு, இருப்பதிலும் ஒரு மணி போகும். போட்டவர் விநாயக், ஜூனில் வந்த புதிய டீம் லீடர். கடிகாரம் மாறுவதை அவர் இந்த வேலையில் இன்னும் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

அக்கா அவரைப் போனில் அழைத்தார். விநாயக் மரியாதையானவர், கன்னடத்தில் பொறுமையாக விளக்கினார். அங்கே ஒரு மணி குறைக்கிறார்கள், ஆகவே நாமும் ஒன்றரையிலிருந்து ஒன்றைக் குறைக்க வேண்டும். அக்காவும் கன்னடத்தில் பொறுமையாகச் சொன்னார்: “சார், அவங்க கடிகாரத்தப் பின்னுக்குத் தள்ளிவெச்சா அவங்க ஒன்பது மணி நமக்குத் தாமதமாத்தானே வரும்? பன்னெண்டரைக்கு அங்க மணி ஏழு. யாரு எழுந்து நமக்குப் போன் பண்ணுவாங்க?”

அதற்கு விநாயக், மேலிடத்தில் ஒப்புதல் ஆகிவிட்டது, திங்கட்கிழமைவரை மாற்ற முடியாது, வராதவர்களுக்குச் சிஸ்டமே லேட் மார்க் போட்டுவிடும் என்றார்.

நான் என் போனில் லண்டன் நேரத்தைத் தேடி எடுத்துக் காட்டினேன்.

“எனக்குக் காட்டி இன்னா பண்றது? எனக்குத்தான் தெரியுமே” என்றார் அக்கா.

ராதிகாவுக்கு அழுகை முட்டியது. “நீங்க சொல்றது சரிதாங்க்கா. ஆனா மார்க் போடறது நீங்க இல்லியே. எனக்கு ஏற்கெனவே ஒண்ணு கீது. இன்னொண்ணு வுழுந்தா அனுப்பிடுவாங்க.”

அக்கா பந்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். மேசை முன் உட்கார்ந்து விநாயக்குக்கும் அவருக்கு மேலே இருப்பவருக்கும் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அடித்தார். அனுப்புவதற்கு முன் எங்கள் இருவரையும் படிக்கச் சொன்னார். ஆறே வரி. ஒன்பது மணி கணக்கு நான்கு வரி. கடைசி இரண்டு வரி இப்படி: திங்கட்கிழமை வேனைப் பதினொன்றரைக்கு எடுக்கச் சொன்னது நான். லேட் மார்க் போடுவதானால் எனக்கு மட்டும் போடவும்.

“அக்கா, உங்களுக்குப் பதினேழு வருஷமா ஒண்ணுமே இல்லியே” என்றாள் ராதிகா.

“அதான்டி. நல்ல பேரு இருக்கறவளாலதான் பணயம் வெக்க முடியும்.”

அனுப்பிவிட்டார். பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் பதில் இல்லை.

திங்கட்கிழமை பத்தேகாலுக்கு மைதானத்தில் வெயில் ஏறியிருந்தது. சுரங்கக் கழிவுக் குன்றின் பக்கமிருந்து காற்று வெள்ளைப் புழுதியை அள்ளி வந்தது. எங்கள் ஆட்கள் அலுவலகச் சுடிதாருக்கு மேல் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பியூலாவின் ஆட்கள் கண்ணில் தூக்கத்தோடு, ஆனால் ஒரே நிறச் சட்டையில் வந்து நின்றார்கள்.

“இன்னா அண்ணி, உங்க ராஜா ஒரு மணி நேரம் பிச்ச போட்டுட்டாரா?” என்றாள் பியூலா.

“எங்க ராஜா குடுத்துட்டாருடி. உங்க அமெரிக்காக்காரன் கடிகாரத்த மாத்த இன்னும் ஒரு வாரம் இழுப்பான்.”

“ஏழாவது யாரு? ஃபாரின் பொண்ணா? பாத்து, பந்த பாஸ்போர்ட்டு மாதிரி பத்திரமா புடிச்சிக்கப் போவுது.”

அவள் சொன்னதுபோலத்தான் ஆயிற்று. பந்தைப் பிடித்தால் மூன்று விநாடிக்குள் எறிந்துவிட வேண்டும். நான் இரண்டு முறை கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் செட் போயிற்று, ஒன்பதுக்குப் பதினைந்து.

செட் மாறும்போது அக்காவின் போன் அடித்தது. வேன் படியில் உட்கார்ந்திருந்த பிரதாப் அண்ணன் எடுத்துப் பார்த்தார். “அக்கா, விநாயக் சாரு.”

எல்லோரும் நின்றுவிட்டோம். ராதிகா துப்பட்டாவை அவிழ்க்கத் தொடங்கினாள்.

“மணி இன்னா பிரதாப்பு?”

“பத்து அம்பது.”

“அங்க அஞ்சு இருவது. ஊரே தூங்குது. பதினொன்றரைக்கு நானே பேசறேன்னு சொல்லு.” பிறகு ராதிகாவின் பக்கம் திரும்பினார். “கட்டுடி துப்பட்டாவ. சர்வீஸ் உன்னுது.”

ராதிகா கட்டினாள். பயத்தையெல்லாம் அந்தப் பந்தின்மேல் காட்டினாளோ என்னவோ, அவள் எறிந்த முதல் நான்கு சர்வீஸையும் அமெரிக்கா வேனால் பிடிக்க முடியவில்லை. அக்கா வலையருகே நின்று, வருகிற பந்தை ஒற்றைக் கால் ஊன்றிப் பிடித்து, ஆள் இல்லாத மூலையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டே இருந்தார். அந்த முகத்தில் பாய்லரும் இல்லை, ரோஸ்டரும் இல்லை. பதின்மூன்று பதின்மூன்று என்று வந்தபோது மைதானத்து ஓரம் நடக்க வந்த பென்ஷன்காரர்கள்கூட நின்றுவிட்டார்கள். கடைசிப் பந்து பியூலாவின் விரல் நுனியில் பட்டு வெளியே போயிற்று. பதினைந்துக்குப் பதின்மூன்று. நான்கு வருடத்தில் முதல் செட். ராதிகாவைத் தூக்கிச் சுற்றினார்கள்.

மணி பதினொன்று இருபது.

“மூணாவது செட்டு ஆடாம ஓடறீங்களா அண்ணி?”

“ஓடலடி. நேரத்துக்குப் போறோம். நாளைக்கு இதே மணிக்கு வா. மார்ச் மாசம் வரைக்கும் தெனம் ஒண்ணு கீது எங்க கைல.”

குழாயில் முகம் கழுவி, முட்டியில் ஒட்டிய மண்ணோடு ஏறினார்கள். பெங்களூரில் எனக்கு ஒரு வேலை இருந்ததால் நானும் ஏறிக்கொண்டேன். சொன்னபடி அக்கா விநாயக்கை அழைத்தார், எடுக்கவில்லை. வேனில் பாட்டுப் போடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. பன்னிரண்டரை ஆனபோது ராதிகா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு விரல்களைப் பின்னிக்கொண்டாள். அக்கா தன் டப்பாவைத் திறந்து அவள் மடியில் வைத்தார். “தின்னு. சரியா இருக்கறவ பசியோட இருக்கக் கூடாது.”

இரண்டு மணிக்கு அலுவலக வாசலில் வேன் நின்றபோது விநாயக் வெளியிலேயே நின்றிருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. அக்கா இறங்கியதும் நேராக வந்தார்.

“மேடம், பன்னெண்டரையிலேந்து ஒரே ஒரு போன். அதுவும் ராங் நம்பர்.”

வேனுக்குள் யாரோ சிரித்தார்கள். அக்கா திரும்பிப் பார்த்ததும் நின்றது.

“மேலேயும் சொல்லிட்டேன். உங்க வேனுக்கு லேட் மார்க் இல்ல. ரோஸ்டர் இரண்டரைன்னு மாத்தியாச்சு. மார்ச்சில மறுபடியும் மாறும்போது, போடறதுக்கு முன்னாடி உங்களக் கேக்கறேன்.”

“கேளுங்க சார், சொல்றேன். இப்ப உள்ள எத்தன பேரு பன்னெண்டரைக்கே வந்துகிறாங்க?”

“பதினாலு பேர். தலையக் கவுத்துப் படுத்துகினு இருக்காங்க.”

“அவங்க மணி அவங்களுக்குச் சேரணும். உங்க ரோஸ்டர்படி ராத்திரி ஒன்பதரைக்கு அவங்கள அனுப்பிடுங்க. கடைசி இரண்டு மணி நேரம் வர்ற போன நாங்க ஏழு பேரு பாத்துக்கறோம்.”

விநாயக் தலையாட்டிவிட்டு, சொல்லிவர உள்ளே போனார்.

ஏழு பேர் என்றபோது அக்கா என்னையும் சேர்த்துத்தான் எண்ணிவிட்டார். ஆறு பேர்தான். அதைச் சொன்னேன். “ஆறு பேரு போதும்” என்றார்.

ராதிகா பையை மாட்டிக்கொண்டு வாசலை நோக்கி ஓடினாள். அக்கா அவள் பையின் வாரைப் பிடித்து இழுத்தார்.

“எங்கடி ஓடற? மணி இரண்டு பத்து. இன்னும் இருவது நிமிஷம் நம்மளுது.”

எதிரே மரத்தடியில் டீக்கடை இருந்தது. ஆறு பேரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அக்கா கால்களை நீட்டிக்கொண்டு, டீயை ஊதி ஊதி, அவசரமே இல்லாமல் குடித்தார்.