வயிற்றில் நிற்காத மாத்திரை

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். கெட்டுப்போன லிஃப்டைச் சரிசெய்யப் போகிறவன் படியேறித்தான் போக வேண்டும். மோட்டார் அறை இருப்பது மொட்டைமாடியில். "ஊரையே மேல ஏத்துறேன், நான் மட்டும் நடந்து போறேன்" என்பான். கம்பெனியில் அவனுக்கு 'மாடி' என்று பெயர்.

காலில் ரத்தம் உறைந்து வீங்கியபோதுதான் அவனுடைய நோய் தெரிந்தது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தடம் மாறி ரத்தத்தை உறைய வைக்கிறது என்றார்கள். ஆயுள் முழுக்க அதற்கு மாத்திரை. பல் பிடுங்குவதற்காகச் சில நாள் அதை நிறுத்தினான். அதன்பின் விலாவின் இரண்டு பக்கமும் வலி. ஏதோ பாரம் தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்று அண்ணி தைலம் தேய்த்துவிட்டாள்.

வலி போனது. கூடவே தெம்பும் போனது. இரண்டு மாடி ஏறுவதற்குள் படியிலேயே உட்கார்ந்துவிடுவான். உள்ளங்கை ரேகைகள் கறுத்தன; ஈறும் கறுத்தது. சோற்றில் உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டான். அது போதாமல் உள்ளங்கையில் கொட்டி நக்கினான்.

"பேசாம கடல் பக்கமா வீடு பார்த்திருக்கலாம், உங்களுக்கு வசதியா இருந்திருக்கும்" என்றாள் அண்ணி.

ஒருநாள் படியில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து ஃபோர்மேன் கத்தினார். "ஏன்டா மாடி, சோத்துல உப்பு போட்டுத்தானே திங்கிற?"

"மத்தவங்களைவிட ஜாஸ்தியாவே போடுறேண்ணே."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அடுத்த வாரம் அதே மாதிரி ஒரு படிக்கட்டில் மயங்கி விழுந்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அந்த ஃபோர்மேன்தான்.

ஸ்கேனைக் காட்டி டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "கிட்னிக்கு மேல ஆளுக்கு ரெண்டு சின்னச் சுரப்பி இருக்கு, அட்ரினல்னு பேரு. இவருக்கு அதோட ரத்தக்குழாய் உறைஞ்சு அடைச்சு, உள்ளேயே ரத்தம் கசிஞ்சு, ரெண்டும் செயலிழந்துபோச்சு. உடம்புல உப்பையும் பிரஷரையும் பிடிச்சு வைக்கிறது அதுதான்."

"மாத்திரை சாப்பிட்டா சரியாயிடுமா டாக்டர்?" என்றாள் அண்ணி.

"அந்தச் சுரப்பி செய்யிற வேலையை இனி மாத்திரைதான் செய்யணும். வாந்தி கீந்தி வந்தா விளையாடாதீங்க. மாத்திரை உள்ள போயாகணும். நிக்கலைன்னா உடனே ஊசி போட வந்திடணும். இல்லேன்னா உயிருக்கே ஆபத்து."

தலையாட்டினோம். மூன்று பேருக்கும் நன்றாகவே காதில் விழுந்தது.

அண்ணன் தேறினான். நிறம் மெல்லத் திரும்பியது. மறுபடி மாடி ஏறினான். ஃபோர்மேன் அதற்கப்புறம் யாரிடமும் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாத்திரை போட்ட கையோடு வாந்தி எடுத்தான். இன்னொரு மாத்திரை கொடுத்தோம். அதுவும் வந்துவிட்டது. மத்தியானத்துக்குப் பிறகு வாந்தி வரவில்லை.

"நின்னுடுச்சா?" என்று கேட்டேன்.

"நின்னுடுச்சு" என்றாள் அண்ணி. முகம் தெளிந்திருந்தது. "நிக்கலைன்னாதானே வரச் சொன்னாங்க."

"வயித்துல இனி என்ன இருக்கு, வெளிய வர்றதுக்கு? ஆளை விடுங்க, கொஞ்சம் தூங்குறேன்" என்றான் அண்ணன்.

தூங்கட்டும் என்று விட்டோம். டிவியின் சத்தத்தைக் குறைத்தேன். அண்ணி குக்கர் வைக்கவில்லை, விசில் அடிக்குமே என்று. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பந்து விளையாட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீடு அவ்வளவு அமைதியாக அதற்கு முன் இருந்ததில்லை. சாயங்காலம் டீயோடு போய் எழுப்பினேன். தோள் சில்லென்றிருந்தது.

அவசரப் பிரிவில் அதே டாக்டரம்மா இருந்தார். பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"மாத்திரை வயித்துல நிக்கலைன்னா உடனே வரச் சொன்னேனே" என்றார். குரலில் கோபம் இல்லை. "காலையிலிருந்து ஒண்ணாவது நின்னுச்சா?"

அண்ணிக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நின்னுடுச்சு டாக்டர்" என்றாள். "மத்தியானமே நின்னுடுச்சு."