உறை பிரிக்காத கார்

அந்தப் பெரிய பொம்மைக் கடையின் பின்புறம், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, ஜன்னல் இல்லாத ஓர் அறையில் அவருக்கு வேலை. குழந்தைகள் உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி கார்கள் நோய் கண்டால் அங்கேதான் வந்து படுக்கும். சீட்டைக் கழற்றி, மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியில் வைத்துப் பார்த்த பிறகே வாயைத் திறப்பார் என்பதால் கடையில் அவருக்கு டாக்டர் என்று பெயர். பிழைக்க வந்த தேசத்தில் கிடைத்த பட்டம் அது ஒன்றுதான்.

"வாங்கி நாலு மாசம்கூட ஆகலைங்க. பையன் சரியா ஓட்டவே இல்ல," என்று வருவார்கள்.

"அதனாலதான் செத்துச்சு."

"ஓட்டாததாலயா? நல்லா இருக்கே கதை."

"ஓட ஓடத்தான் இதுக்கு ஆயுசு. ஓட்டினா அன்னிக்கே சார்ஜ் போடணும். ஓட்டலையா, மாசம் ஒரு தடவையாவது போடணும். சும்மா வெச்சா தானா வடிஞ்சு, உள்ள உப்பு மாதிரி படிஞ்சுடும். அப்புறம் யார் வந்தாலும் எழுப்ப முடியாது."

கிளிப்பிள்ளை மாதிரி இதையே சொல்லிச் சொல்லி அவர் குரலில் ஏற்ற இறக்கம் போய்விட்டிருந்தது. சொல்லாமல் விட்டது ஒரே ஓர் இடத்தில்.

மகள் குப்புற விழப் பழகிய சமயத்தில் வீட்டை விட்டுக் கிளம்பியவர் அவர். அவளுக்கு இரண்டு வயது முடிந்தபோது சிவப்புக் கார் ஒன்றை வாங்கி அனுப்பினார். லீவில் போகும்போது அவள் அதை ஓட்டிக்கொண்டு வாசலுக்கு வருவாள், அப்பா என்பாள் என்று ஒரு நினைப்பு. அதை ஆசை என்று சொன்னால் அதிகம். பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருப்பதுபோல அதையும் வைத்திருந்தார்.

லீவு கிடைத்துப் போய்ப் படியேறியபோது, மகள் அம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"யாருடி இது? சொல்லு பாப்போம்."

"மாமா."

"மாமா இல்லடி, அப்பா."

"அப்பா போன்லதான் வரும்."

மனைவி சிரித்துச் சமாளித்தாள். அவரும் சிரித்தார். பெட்டியை உள்ளே வைத்துவிட்டுக் கார் எங்கே என்று கேட்டார்.

படுக்கையறை மூலையில் இருந்தது. வந்தபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அதற்கு மேல் ஒரு பழைய பெட்ஷீட்.

"ஆசையா அனுப்பியிருக்கீங்க. வெளிய விட்டா ஒரே வாரத்துல ஒடச்சுடுவா. பேட்டரியும் தீந்துடும். நீங்க வர்றப்ப புதுசா இருக்கட்டும்னு கைய வைக்க விடல," என்றாள் மனைவி.

ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி, கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். அவருக்குக் கோபம் வரவில்லை. வர வேண்டிய இடம் இது என்று தெரிந்தது, அவ்வளவுதான். உறையைக் கிழித்து சார்ஜரைச் செருகினார். உடனே பச்சை விளக்கு எரிந்தது.

"பாத்தீங்களா, ஃபுல்லா இருக்கு."

"போட்ட உடனே பச்சை வந்தா, உள்ள வாங்கிக்க ஆளில்லைன்னு அர்த்தம்."

"எழவு வீட்டுல பேசற மாதிரி பேசாதீங்க."

கடைத்தெருவில் அந்த அளவு பேட்டரி இல்லை. அடுத்த லோடில் வரும் என்றார்கள். அவர் லீவு அதற்கு முன்பே முடிந்துவிடும். திரும்பி வந்து கூடத்தில் உட்கார்ந்தவர் கண்ணில் நெட் பெட்டிக்குக் கீழே இருந்த பேக்கப் பெட்டி பட்டது. பொழுது சாய்ந்தால் அங்கே கரண்ட் போய்விடும். வீட்டுக்குள் போனுக்கு சிக்னல் கிடையாது. கரண்ட் போனாலும் மகளின் முகம் பாதியில் மறையக் கூடாது என்று அவரே காசு அனுப்பி மாட்டச் சொன்னது அந்தப் பெட்டி. அதற்குள்ளும் இதே அளவு பேட்டரிதான்.

"அதக் கழட்டினா நெட்டு?" என்றாள் மனைவி.

"நான்தான் இங்கயே இருக்கேனே."

கார் ஓடியது. மகள் ஹாரனை அடித்துக்கொண்டே கூடத்தைச் சுற்றினாள். நாற்காலியை இடித்தாள், அவர் கணுக்காலை இடித்தாள்.

"மாமா, ஓரமா நில்லுங்க."

நின்றார். இரண்டு சுற்று முடிந்ததும் அவள் வண்டியை நிறுத்தினாள். "அம்மா, அப்பாவுக்குப் போன் போடு. கார் காட்டணும்."

மனைவி அவரைப் பார்த்தாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்தார். சிக்னல் கிடைத்த இடத்தில், ஒரு சுவரோரமாக நின்று, கரண்ட் இருக்கும்போதே வீட்டுக்கு வீடியோ கால் போட்டார்.

"அப்பா, பாரு! கார் ஓடுது. மாமா ரிப்பேர் பண்ணாங்க."

"மாமா நல்ல மாமாவா?"

"ம். ஆனா பேசவே மாட்டாங்க."

கிளம்புகிற அன்று மனைவி பேக்கப் பெட்டியைக் காட்டினாள். "பேட்டரியத் திரும்ப இதுல மாட்டிட்டுப் போங்க. இல்லன்னா சாயங்காலம் எப்படிப் பேசுவீங்க?"

அவர் யோசித்தார். போனில் வருகிற அப்பா மறைந்தாலும் பரவாயில்லை, வண்டியை எழுப்பிய ஆள் அவள் நினைவில் நின்றால் அடுத்த முறை உதவும் என்று கணக்குப் போட்டார். "வண்டியிலயே இருக்கட்டும். தினம் ஓட்டட்டும். சும்மா மட்டும் வெச்சுடாத," என்றார்.

திரும்பவும் ஜன்னல் இல்லாத அறை. அவருக்குப் பேச ஒழிகிற சாயங்காலங்களில் வீட்டுக்கு லைன் கிடைக்கவில்லை. எதிர்பார்த்ததுதான் என்பதால் போனைப் பார்ப்பதையே விட்டிருந்தார். ஒருநாள் அதே நேரத்தில் அது அடித்தது. திரையில் இருட்டு. நடுவே மகளின் முகம் மட்டும் வெளிச்சமாக.

"கரண்ட் இல்லையா?"

"போயிடுச்சு," என்று இருட்டிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"அப்புறம் எப்படி?"

"கார் வேணாமாம், அப்பா பேசணுமாம். அழுது தீத்துட்டா. பக்கத்து வீட்டுக்காரரக் கூப்பிட்டுப் பேட்டரியத் திரும்பப் பெட்டியில மாட்டியாச்சு. கடைக்குப் புதுசு இன்னும் வரலையாம்."

"கார்?"

"மூலையிலதான். தூசி படியுமேன்னு பெட்ஷீட் போட்டிருக்கேன்."

மகள் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அப்பா, அந்த மாமா மறுபடி எப்ப வருவாங்க?"

மேஜைமேல் யாருடைய வண்டியின் பேட்டரியோ கிடந்தது. அவர் மீட்டரின் முனைகளை அதன்மேல் வைத்தார். எண் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

"கேட்டுச் சொல்றேன்," என்றார்.

"மறக்காமக் கேளு."