நிறுத்துவதற்கு முன் ஒரு போன்

ஸ்டெல்லா ஆன்ட்டி இறந்துவிட்ட செய்தி, நான் பள்ளிக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது அம்மாவின் போனுக்கு வந்தது. தூக்கத்திலேயே மாரடைப்பு. "நேத்துகூட பேங்க்ல பேசினாங்களே" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. அவரிடம் கேட்பதற்காக ஒரு கேள்வி வைத்திருந்தேன். அதை இனி யாரிடம் கேட்பது என்றுதான் தோன்றியது.

தொம்மலூரில் இருக்கும் நம் சிறிய கூட்டுறவு வங்கியின் மேலாளராக அவரை இந்த அஞ்சலிக்கு வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ஈஜிபுராவில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அங்கேதான் கணக்கு. பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு வங்கி மேலாளரோடு என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு சட்டம் எழுதினோம்.

எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் மாதிரி நாடாளுமன்றம் நடக்கும். ஒவ்வொரு குழுவும் ஒரு மசோதா கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் பிளாஸ்டிக், டிராஃபிக் என்று எடுத்துக்கொண்டார்கள். எங்கள் மாடிவீட்டு பங்கஜம் அத்தை, போலீஸ் என்று போனில் மிரட்டியவனை நம்பித் தன் சேமிப்பையெல்லாம் அனுப்பியிருந்தார். அதை ஏன் வங்கி தடுக்கவில்லை என்று கேட்கத்தான் நான் முதலில் ஸ்டெல்லா ஆன்ட்டியிடம் போனேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மூக்குக் கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டுச் சொன்னார்: "தடுக்கணும்னா மொதல்ல தெரியணும் இல்ல? அதுக்கான மெஷின் எங்ககிட்ட இல்லம்மா. பெரிய பேங்க்ல பூட்டு நல்லா இருந்தா திருடன் எங்க வருவான்? நம்மகிட்டதான்."

சிறிய வங்கிகள் மோசடியைக் கண்டுபிடிக்கும் புதிய தொழில்நுட்பத்தை வாங்குவதற்கு ஊக்கம் தரும் சட்டம்தான் என் மசோதா என்று அங்கேயே முடிவு செய்தேன். "நல்லது. காசு யாரு குடுப்பா?" என்றார் அவர். நான் அதை யோசிக்கவே இல்லை. செலவில் பாதியை அரசு ஏற்கும், சிறிய வங்கிகள் பல சேர்ந்து ஒன்றையே வாங்கலாம் என்ற முதல் பிரிவு அந்தக் கேள்வியிலிருந்துதான் வந்தது.

என் மசோதாவுக்குக் காத்திராமல் நம் வங்கியும் வேறு சில சிறிய வங்கிகளும் சேர்ந்து அந்த வசதியைச் சோதனைக்கு எடுத்தன. மெஷின் என்று எல்லோரும் சொன்னாலும் அது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு மென்பொருள்தான். சந்தேகமான கணக்கு திரையில் சிவப்பாக வரும், பணம் நின்றுவிடும். ஆன்ட்டிக்கு அது புது பொம்மை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தன் தங்கைக்குத் துண்டு துண்டாகப் பணம் அனுப்பிப் பார்த்தார். "திருடி மாதிரியே நடந்து பாத்தேன். என்னைக் கண்டுக்கவே இல்ல!" என்று எழுத்தர் மஞ்சுநாத்திடம் குறைப்பட்டுக்கொண்டார். "உங்க மூஞ்சி அதுக்கும் தெரிஞ்சிருக்கு மேடம்" என்றார் மஞ்சுநாத்.

ஒரு சனிக்கிழமை, மசோதாவோடு நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் வேலை செய்யும் எங்கள் தெரு முருகேசன் அண்ணன் பணம் எடுக்க வந்தார். திரை சிவப்பானது. காலையிலிருந்து பலர் அவர் கணக்குக்குச் சிறு சிறு தொகையாக அனுப்பியிருந்தார்கள். அவர் அத்தனையையும் உடனே எடுக்கப் பார்க்கிறார். ஏமாற்றிய பணம் வந்து போவதற்காக மோசடிக்காரர்களுக்குத் தன் கணக்கை வாடகைக்கு விடுபவர் செய்வதும் இதேதான்.

ஆன்ட்டி எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்: "முருகேசன், அக்கவுண்ட்ட யாருக்கு வாடகைக்கு விட்டீங்க?"

"வாடகையா?" அண்ணன் வாசலைக் காட்டினார். "வெளில ஆம்புலன்ஸ் நிக்குது மேடம். உள்ள என் ரூம்மேட் செல்வத்தோட உடம்பு இருக்கு. தர்மபுரி வரைக்கும் கொண்டுபோய் அவங்கம்மாகிட்ட சேக்கணும். தெருவுல எல்லாரும் அவங்கவங்களால முடிஞ்சத போட்டாங்க. டிரைவர் பாதிக் காசு முன்னாடியே கேக்கறான்."

ஆன்ட்டி எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து சிவப்பை நீக்கிப் பணத்தைத் தன் கையாலேயே கொடுத்தார். பிறகு அவரோடு ஆம்புலன்ஸ் வரை நடந்தார். அங்கே என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அண்ணன் தலையாட்டியதை மட்டும் பார்த்தேன்.

எங்கள் தெருவில் யாராவது இறந்தால் ஒருவர் கணக்கில் எல்லோரும் பணம் போடுவது வழக்கம். உண்டியல் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போன காலம் போய், இப்போது போனிலேயே போடுகிறார்கள். மெஷினுக்கு இது எப்படித் தெரியும்? "அது பொய் சொல்லலம்மா. பாத்ததச் சொல்லுச்சு. நான்தான் கேக்காம நம்பிட்டேன்" என்றார் ஆன்ட்டி. என் தாளை வாங்கி, அடியில் அவரே ஒரு வரி எழுதினார்: 'நிறுத்துவதற்கு முன் ஒரு போன்.'

மாதிரி நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி அந்த வரியைப் பிடித்துக்கொண்டது. மோசடிக்காரனுக்கே போன் செய்தால் அவன் பொய் சொல்ல மாட்டானா? வாக்கெடுப்பு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது. அந்தக் கேள்வியை வங்கிக்கு எடுத்துப்போனேன். ஆன்ட்டி கண்ணாடியைத் தலைக்கு ஏற்றினார். "அட, நல்லா கேட்டிருக்கானே! யாரு அந்தப் பையன்?" என்றார். பிறகு, "வாங்கினவனுக்கு எதுக்கு போன்? அனுப்பினவங்கள்ல ஒருத்தருக்குப் பண்ணு. பயந்து அனுப்பினவங்க பேச்சு வேற மாதிரி இருக்கும். சாவுக்குக் குடுத்தவங்க, செத்தவங்க பேரச் சொல்லுவாங்க" என்றார்.

மசோதா நிறைவேறியது. நம் வங்கியிலும் அன்றிலிருந்து அனுப்பியவர்களில் ஒருவருக்குப் போன் செய்வதே விதியானது. அதன்பிறகுதான் எனக்கு, முதலில் சொன்னேனே, அந்தக் கேள்வி வந்தது. இப்படி ஒவ்வொரு முறையும் சிவப்பை நீக்கிக்கொண்டே வந்தால், துக்கத்துக்குச் சேரும் பணம் எது என்று மெஷின் ஒருநாள் தானே தெரிந்துகொள்ளுமா? அடுத்த சனிக்கிழமை கேட்கலாம் என்றிருந்தேன்.

அவர் இறந்த அன்று நான் பள்ளிக்குப் போகவில்லை. மதியம் அம்மாவின் போன் அடித்தது. அம்மா கை கழுவிக்கொண்டிருந்ததால் நான் ஸ்பீக்கரில் போட்டேன். மஞ்சுநாத்.

"அக்கா, முருகேசனுக்கு இன்னிக்குக் காசு அனுப்பியிருக்கீங்க. நிறைய பேரு அனுப்பியிருக்காங்க. ரெட் காட்டுது. எதுக்குன்னு சொல்லணும்."

"உனக்குத் தெரியாதாப்பா?"

"தெரியும்க்கா. ஆனா கேக்கணும். கேக்கலன்னா மேடம் திட்டுவாங்க."

அம்மா ஈரக் கையோடு போனை வாங்கினார். "ஸ்டெல்லா மேடத்துக்கு. மாலை வாங்க, சர்ச்சுக்கு வேன் வைக்க."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "ரெட்ட எடுத்துட்டேன்க்கா. முருகேசனை வரச் சொல்லுங்க" என்றார்.

என் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது: மெஷின் இன்னும் தெரிந்துகொள்ளவில்லை. ஒருநாள் தெரிந்துகொள்ளலாம். அதை அவரிடம் சொல்லியிருந்தால் கண்ணாடியைத் தலைக்கு ஏற்றி, "ஏன் தெரியல?" என்று ஆரம்பித்திருப்பார். அவர் கையெழுத்தில் அந்த ஒரு வரி உள்ள தாள் என்னிடம் இருக்கிறது. யாரைப் பற்றியாவது மனதுக்குள் சிவப்பு எரியும்போது, முதலில் கேட்டுவிடுகிறேன்.