பதினான்காவது கேள்வி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் பேய், பிசாசு என்று பேசித் திரிகிற ஆள் இல்லை. இரண்டு வருடம் இரவு வேலை பார்த்தவன். இருட்டைக் கண்டு பயந்திருந்தால் முதல் வாரமே ஓடியிருப்பேன். ஆனால் இது நடந்தது. நேரத்தைக்கூட ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து வைத்திருக்கிறேன். வேலையை விட்டதற்கும் இதுதான் காரணம். வீட்டில் கேட்டபோது தூக்கம் போதவில்லை என்று சொல்லி வாயை அடைத்துவிட்டேன்.

வீடியோ கேம் விளையாடுகிறவர்களுக்கு போன் செய்து கேள்வி கேட்பதுதான் வேலை. தலையில் மாட்டிக்கொள்ளும் வி.ஆர். ஹெட்செட் எத்தனை பேரிடம் இருக்கிறது, அதில் எத்தனை பேர் நிஜமாகவே மாட்டுகிறார்கள் என்று ஏதோ ஒரு கம்பெனிக்குத் தெரிய வேண்டுமாம். கேம் கடையில் பதிவு செய்தவர்களின் எண்களைப் பட்டியலாகக் கொடுத்திருந்தார்கள். இந்த ஆட்களைப் பகலில் பிடிக்க முடியாது. அதனால் இரவு எட்டு முதல் இரண்டு வரை ஷிப்ட். ஜன்னல் இல்லாத ஹால். முப்பது மேஜை.

ஹெட்செட் வைத்திருப்பவர் கிடைப்பது குதிரைக்கொம்பு. கேம் ஆடுவீர்களா என்றால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். ஹெட்செட் இருக்கிறதா என்றால் சிரிப்பார்கள். இருக்கிறது என்று சொல்லும் ஒன்றிரண்டு பேர் வீட்டிலும் அது அலமாரி மேல் தூசி பிடித்துக் கிடக்கும். ஏன் மாட்டுவதில்லை? ஒருவருக்குத் தலை சுற்றும். ஒருவருக்குக் கழுத்து வலிக்கும். என்னிடம் அதிகம் பேர் சொன்ன பதில் வேறு. கூட விளையாட ஆள் இல்லை.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. கடைசியில் அதுவும் அலமாரி மேல்தான் போனது.

அது என் தங்கையுடையது. பத்தொன்பது வயது. நுரையீரல் கோளாறு. கடைசி ஒன்றரை வருடம் கட்டிலை விட்டு இறங்கவில்லை. பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். கொசு என்று கூப்பிடுவேன், அவ்வளவு ஒல்லி. அவள் என்னை ஆந்தை என்பாள். வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. படுத்தபடியே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஓர் ஏரியில் படகு விடுவாள். இருவர் ஓட்டுகிற படகு அது. ஆளுக்கொரு துடுப்பு. ஒருவர் மட்டும் போட்டால் நேராகப் போகாது. வட்டமடிக்கும்.

மெஷின் நாலு வினாடிக்கு ஒரு தடவை சத்தம் போடும். டக்... ஷ்ஷ்ஷ். டக்... ஷ்ஷ்ஷ். ஏரியில் எதிர்ப்படுகிற முன்பின் தெரியாதவர்கள் அது என்ன சத்தம் என்று கேட்டால், "டேபிள் ஃபேன், பழசு" என்பாள். அவள் நோயாளி என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது.

"ஆந்தை, நீயும் ஒண்ணு எடுத்துட்டு வாயேன். ரெண்டு பேரும் அக்கரைக்குப் போலாம்."

"ராத்திரி பூரா அதப்பத்தியே பேசிட்டு வரேன். வீட்லயுமாடி?"

"உன் லிஸ்ட்ல நானும் ஒரு நம்பர்னு நெனச்சுக்கோ."

"சரி, சரி. நாளைக்கு வரேன்."

ஹெட்செட் வாடகைக்குத் தருகிற கடை எங்கள் தெருமுனையிலேயே இருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை 9.40க்கு அவள் இறந்தாள். நான் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தேன். மெஷினை அன்று மாலையே வாடகைக்குக் கொடுத்தவர் வந்து எடுத்துப் போய்விட்டார்.

அதற்கு ஏழு வாரம் கழித்து நடந்ததைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் சூப்பர்வைசருக்கு மீட்டர் என்று பெயர் வைத்திருந்தோம். ஓய்வே இல்லாமல் எண்ணிக்கொண்டிருப்பார். ஒரு மணிக்கு என் மேஜைக்கு வந்தார்.

"ஹெட்செட் ஆளு எத்தன?"

"இருபத்தொன்பது சார்."

"முப்பது வேணும். போன வாரமும் மூக்கால அழுத. ரெண்டு மணிக்குள்ள வரலேன்னா நாளைக்கு நீ வரவேண்டாம்."

அவர் நகர்ந்ததும் பக்கத்து மேஜைக்காரன் குனிந்தான். "பேசாம அவருக்கே ஒண்ணு மாட்டி விடேன். மண்டை உள்ள காலி, கச்சிதமா உக்காரும்."

நான் சிரிக்கவில்லை.

1.17. அடுத்த எண்ணை அழுத்தினேன். நீங்கள் அழைக்கும் எண் உபயோகத்தில் இல்லை.

செத்த எண்ணில் பொய்ப் படிவம் நிரப்புவது அங்கே எல்லோருக்கும் தெரிந்த திருட்டு. பகல் ஷிப்டில் சரிபார்க்கிற அக்கா மறுபடி போன் செய்தாலும் கிடைக்காது. தள்ளிவிட்டுப் போய்விடுவார். தூரத்திலிருந்து மீட்டர் பார்ப்பார் என்பதால் கேள்விகளை மட்டும் வாய்விட்டுக் கேட்க வேண்டும். பதிலுக்குக் காத்திருப்பதுபோல் நடிக்க வேண்டும்.

பதில்களைக் கற்பனை செய்ய எனக்குத் தெம்பில்லை. ஒருத்தியின் பதில்கள் மனப்பாடமாக இருந்தன.

"உங்க வயசு என்னங்க?"

பத்தொன்பது என்று தட்டினேன்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் மாட்டுவீங்க?"

மூன்று மணி நேரம்.

1.18. காதில் ஓடிக்கொண்டிருந்த அறிவிப்பு நின்றது. வழக்கமாக மூன்று தடவை சொல்லிவிட்டு லைன் அறுந்துவிடும். அறவில்லை. எதிரில் யாரோ போனை எடுத்து வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பதுபோல் ஒரு அமைதி...

கோளாறு என்று நினைத்தேன். அடுத்த கேள்விக்குப் போனேன்.

"நின்னுட்டு ஆடுவீங்களா, உக்காந்தா, படுத்துட்டா?"

படுத்து.

டக்...

விரல் நின்றது. பக்கத்து மேஜையைப் பார்த்தேன். அவன் கொட்டாவி விட்டான்.

ஷ்ஷ்ஷ்.

எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

டக்... ஷ்ஷ்ஷ்.

மீட்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கேள்விகளைத் தொடர்ந்தேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல் இருந்தது.

1.26.

பதினான்காவது கேள்வி.

"யாரோட... யாரோட விளையாடுவீங்க?"

சத்தம் நின்றது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. ஆறு...

யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

கொசு என்ற பெயர் நாக்கு நுனிவரை வந்தது.

சொல்லவில்லை. மீட்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.

'அண்ணனுடன்' என்று தட்டினேன். படிவத்திலாவது அவள் தனியாக இருக்க வேண்டாம்.

லைன் அறுந்தது.

1.28.

மறுபடி அழைத்தேன். உபயோகத்தில் இல்லை. ஐந்து தடவை அழைத்தேன். ஐந்து தடவையும் அதே அறிவிப்பு.

நான்காம் நாள் இரவு 7.50. நான் படியேறிக்கொண்டிருந்தேன். சரிபார்க்கிற அக்கா சாப்பாட்டுப் பையோடு இறங்கி வந்தார்.

"டேய், நில்லு. உன்னோட முப்பதாவது படிவத்துக்கு நேத்து போன் போட்டேன்."

பிடிபட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"கெடச்சிருக்காதேக்கா..."

"ஏன் கெடைக்காது? சின்னப் பொண்ணு. நல்லா வாயாடுது. நீ எழுதினதெல்லாம் அப்படியே சொல்லுச்சு. பின்னாடி ஏதோ டக்கு டக்குன்னு கேட்டுட்டே இருந்துச்சு. என்னம்மா சத்தம்னேன். டேபிள் ஃபேன், பழசுன்னுச்சு."

கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் தப்பா எழுதிட்ட. பதினாலாவது கேள்வி. அண்ணனோடன்னு போட்டிருக்க. அதத் திருத்திட்டேன்."

"என்னன்னு?"

"தனியாத்தான் ஆடுதாம். ஒத்தத் துடுப்பாம், படகு அங்கயே சுத்திட்டிருக்காம். பாவமா இருந்துச்சு. தொணைக்கு யாரும் வரமாட்டாங்களாம்மான்னு கேட்டேன்." அக்கா பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு லேசாகச் சிரித்தார். "யாரோ ஆந்தையாம். நாளைக்கு வரேன்னு சொல்லிருக்காம்."

நான் ஹாலுக்குள் போகவில்லை.

மறுநாள் தெருமுனைக் கடையில் ஹெட்செட் எடுத்தேன். அவளுடையதை அலமாரியிலிருந்து இறக்கித் துடைத்து, சார்ஜ் போட்டு, அவள் தலையணை மேல் வைத்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என்னுடையதை மாட்டிக்கொண்டு ஏரிக்குப் போனேன்.

இன்றுவரை தினமும் போகிறேன். பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருக்கிறது. படகு வட்டமடிக்கிறது.