ரெண்டு பக்கம் மேடம்

"தலையணையைக் கொஞ்சம் காட்டுங்க" என்றுதான் முதலில் கேட்பார். பெட்டி, வாளி, புதுச் செருப்பு எதையும் பார்ப்பதில்லை. விடுதியில் சேர வந்திருக்கும் பெண் கடையில் வாங்கிய புதுத் தலையணையோடு நின்றால், "இது ரெண்டே நாள்ல ஒட்டிக்கும்" என்பார். வீட்டில் வைத்துப் படுத்த பழைய தலையணையோடு நின்றால் அம்மாவைத் தனியே அழைத்துப்போய், "ஒரு மாசம் அழும். உடனே கிளம்பி வந்துடாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்று தாழ்ந்த குரலில் சொல்வார். அப்படி அவர் சொன்னது தப்பியதாக இதுவரை யாரும் வந்து சொல்லவில்லை.

பத்தொன்பது வருடமாக அந்தப் பெண்கள் விடுதிக்கு அவர்தான் வார்டன். பெண்கள் முகத்துக்கு நேரே 'மேடம்' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'ரெண்டு பக்கம்' என்பார்கள். காரணம் இருக்கிறது. கல்லூரி திறக்கிற மாதம் வந்துவிட்டால் பெற்றோர்கள் அவர் அறை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். பெண்ணை விடுதியிலேயே விடுவதா, வெளியே அறை பார்த்து வைப்பதா? எல்லோருக்கும் அதே கேள்விதான். மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "ரெண்டு பக்கமும் சொல்லிடறேன்" என்று ஆரம்பிப்பார்.

"உள்ள இருந்தா மணி அடிச்சா சாப்பாடு. ஆனா மணி அடிச்சாதான் சாப்பாடு. வெளிய இருந்தா எங்க போறேன்னு யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா காய்ச்சல்ல படுத்துக் கிடந்தாலும் யாரும் கேக்க மாட்டாங்க. இப்ப நீங்களே முடிவு பண்ணுங்க."

கேட்டவர்கள் வந்தபோது இருந்ததைவிட அதிகக் குழப்பத்தோடு எழுந்து போவார்கள். ஆனால் பூசி மெழுகாமல் பேசினார் என்ற திருப்தியும் கூடவே போகும்.

கண்டிப்பானவர் என்று பெயர். அந்தக் கண்டிப்பின் லட்சணத்தை மாடிப் பெண்களிடம் கேட்க வேண்டும். மாலையில் அறைகளைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினால் படிக்கட்டு முனையிலேயே நின்று இரண்டு தடவை இருமுவார். இழுத்து இழுத்து, நன்றாக இருமுவார். கட்டில்மேல் இருக்கிற மின்அடுப்பு கட்டிலுக்கு அடியில் போகவும், பூனைக்குட்டி அலமாரிக்குள் போகவும் நேரம் வேண்டுமே. உதவி வார்டன் ஒருமுறை, "மேடம், நீங்க இருமினா யாரையும் பிடிக்க முடியாதே" என்று புலம்பினார். "பிடிக்கவா நம்மள வெச்சிருக்காங்க? பாத்துக்கத்தானே?" என்றார் மேடம். ஒருநாள் நிஜமாகவே சளி பிடித்து இரவெல்லாம் இருமினார். மாடியில் ஒரு பெண்ணும் தூங்கவில்லையாம்.

விடுதியை விட்டு வெளியே அறை எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு படிவம் உண்டு. முன்பக்கத்தில் பெற்றோர் கையெழுத்து. பின்பக்கத்தில், பெற்றோரிடம் நேரில் பேசிவிட்டு வார்டன் எழுத வேண்டிய கருத்து. மற்ற விடுதிகளில் இது கண்ணை மூடிக்கொண்டு நடக்கும் வேலை. மேடம் மட்டும் எதிர் நாற்காலியில் பெற்றோரை உட்காரவைத்து, "தண்ணி எப்படி? பூட்டு எப்படி? பக்கத்துல யாரு?" என்று மூன்று கேள்வி கேட்பார். மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டோம் என்று அவர்கள் நிமிரும்போது நாலாவது வரும்: "இப்ப நீங்க பயப்படறது அவளுக்காகவா, உங்களுக்காகவா?" பெரிய பெரிய மீசைக்காரர்கள்கூட அந்தக் கேள்விக்குக் கைக்குட்டையைத் தேடியிருக்கிறார்கள்.

விடுதியின் தரைத்தளத்தில் இரண்டு அறைதான் அவர் வீடு. கணவர் கப்பலில் சமையல்காரர். வருடத்தில் எட்டு மாதம் தண்ணீரில் இருப்பார், மீதி நாலு மாதம் வீட்டில் சமையலறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். ஒரே மகள். கைக்குழந்தையாக அந்த வாசலுக்குள் வந்தவள், இருநூறு அக்காக்களின் இடுப்பில் மாறி மாறி வளர்ந்தாள். ஒருத்தி தலை பின்னிவிட்டாள், இன்னொருத்தி பெருக்கல் சொல்லிக்கொடுத்தாள். ஒவ்வொரு வருடக் கடைசியிலும் அவர்களில் பாதிப்பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போனார்கள். அம்மாவின் மேசைக்கு அடியில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். மேலே அம்மா மற்றவர்களுக்குச் சொல்கிற இரண்டு பக்கமும் அவளுக்குத் தலைகீழாகப் பாடம்.

அந்த மகளுக்கு அதே கல்லூரியில் இடம் கிடைத்தது. மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. "எட்டு அம்பதுக்கு எழுந்தாக்கூட ஒம்பது மணி கிளாசுக்குப் போயிடுவா" என்று சமையல்கட்டு வரைக்கும் சொல்லி முடித்தார். அன்று மதியமே கல்லூரி அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

"மேடம், ஃபார்ம்ல விடுதியா, வீட்டிலேர்ந்தான்னு ரெண்டு கட்டம் இருக்கு. உங்க பொண்ணு ரெண்டுலயும் டிக் போட்டிருக்கு."

"சரியாத்தானே போட்டிருக்கா. வீடே விடுதியிலதானே இருக்கு?"

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்க மேடம்."

சாயந்திரம் மகளிடம் கேட்டார். அவள் உள்ளே போய் ஒரு காகிதத்தோடு வந்தாள். அம்மாவுக்குப் படித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. வெளியே தங்குவதற்கான படிவம். மூன்று தெரு தள்ளி, உடன் படிக்கப்போகிற ஒரு பெண்ணோடு சேர்ந்து அறை பார்த்துவிட்டாளாம்.

"எல்லாரும் வீட்ட விட்டு ஹாஸ்டலுக்கு வராங்க. நான் பொறந்ததுலேர்ந்து ஹாஸ்டல்லதாம்மா இருக்கேன். நான் ஒரு தடவ வீட்டுக்குப் போய்ப் பாக்கறேனே" என்று ஒரே போடாகப் போட்டாள் மகள். "பசிச்சா சாப்பிடணும்மா. மணி அடிச்சு இல்ல."

இத்தனை வருடத்தில் முதல்முறையாக மேடத்தின் வாயிலிருந்து ஒரு பக்கம் மட்டுமே வந்தது. தண்ணீர் சரியிருக்காது, தெருவில் விளக்கு இருக்காது, உனக்கு அடுப்பு மூட்டத் தெரியாது, ஊர் சிரிக்கும். "வார்டன் பொண்ணே வெளிய தங்கினா நாளைக்கு யாருடி என் பேச்ச நம்புவா?" என்றும் கேட்டுப் பார்த்தார். மகள் படிவத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று நாள் அது மேசைமேலேயே கிடந்தது. மாடிப் பெண்களுக்கு விஷயம் தெரிந்துபோய், அந்த மூன்று நாளும் அநியாயத்துக்கு நல்ல பிள்ளைகளாக நடந்துகொண்டார்கள்.

கப்பலிலிருந்து கணவர் பேசினார். "நான் பாதி உலகத்தைச் சுத்தி வந்துட்டேன், ஒரு நாளாவது அழுதியா? அவ மூணு தெரு தாண்டறதுக்கு இப்படியா?"

"உங்கள விட்டுட்டு இருக்க எனக்குப் பழகிடுச்சு" என்றார் மேடம். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரித்தாரா வேறெதுவுமா தெரியாது.

நாலாம் நாள் படிவத்துக்குக் கடைசி நாள். அலுவலக அறையில் மகள் வார்டன் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டு எதிர் நாற்காலியைக் காட்டினாள். "உக்காரும்மா. இன்னிக்கு நீ பேரன்ட்."

மேடம் உட்கார்ந்தார். பத்தொன்பது வருடத்தில் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்ததே இல்லை. அது இவ்வளவு தாழ்வாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

"தண்ணி காலையும் சாயந்திரமும் வருது, நானே போய்த் திறந்து பாத்தேன். பூட்டு புதுசு. பக்கத்துல ஒரு டீச்சர் குடும்பம், ரெண்டு குழந்தைங்க. அவ்வளவுதாம்மா" என்று மகள் மூடிய பேனாவை அம்மா பக்கம் தள்ளினாள்.

மேடம் பேனாவை எடுக்கவில்லை. "நாலாவது?"

"அது வேண்டாம்மா."

"எல்லாரையும் கேட்டிருக்கேனே. என்னை மட்டும் எப்படி விடறது?" கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். "எனக்காகத்தான்டி. உனக்கு என்ன, நீ சமாளிச்சுடுவ. சாயந்திரமானா இந்த ரெண்டு ரூம்ல நான் யார்கிட்ட பேசறது?"

மகள் எழுந்து வந்து அம்மாவின் தோளில் தாடையை வைத்துக்கொண்டாள். மேடம் முன்பக்கத்தில் தாயாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு எழுந்து சுற்றிப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து, காகிதத்தைத் திருப்பி, வார்டன் கருத்தை எழுதினார்: 'தாயாரிடம் நேரில் பேசினேன். சம்மதிக்கிறார். தாயாருக்குப் பழகக் கொஞ்ச நாள் ஆகும்.' அலுவலகத்தில் அதைப் படித்த குமாஸ்தா, கடைசி வரியை அடிக்கலாமா வேண்டாமா என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் அப்படியே கோப்பில் வைத்துவிட்டார்.

மகள் குடிபோன பிறகு வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மதியம் மேடம் அந்த அறைக்குப் போனார். மகள் தன் கையால் டீ போட்டுக் கொடுத்தாள். சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருந்தாள். மேடம் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். ஜன்னல் கொக்கியைப் பரிசோதிக்கக் கை தானாகப் போனது, பாதியில் இழுத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசினார்கள். விடுதிப் பூனை குட்டி போட்ட கதைக்கு மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சரிடி, போயிட்டு வரேன்" என்று எழுந்தார் மேடம். சொன்ன பிறகுதான், இத்தனை வருடமும் அதைத் தன்னிடம் மற்றவர்கள்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பது உறைத்தது.

"பாத்துப் போம்மா" என்றாள் மகள் வாசலில் நின்று. "போய்ச் சேந்ததும் ஒரு போன் பண்ணு."

மூன்று தெரு. நடந்தால் பதினோரு நிமிடம். காவல்காரர் தூரத்திலேயே பார்த்துவிட்டு விடுதிக் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார். மேடம் உள்ளே போகவில்லை. கொஞ்சம் பொறுக்கும்படி அவருக்குக் கையைக் காட்டிவிட்டு, கதவுக்கு வெளியே தெருவோரமாக நின்று, கைப்பையைத் துழாவிப் போனை எடுத்து மகளை அழைத்தார்.

"வந்து சேந்துட்டேன்டி" என்றார்.